எத்தனை கிளிக் போடணும் டாக்டர்? ஊசிப் பேனா வந்த கதை

போன வாரம் ஓபி முடிகிற நேரம். மணி பன்னிரண்டரை இருக்கும். மாமியாருக்கு பிபி மாத்திரை வாங்க மாசா மாசம் வரும் அக்கா ஒருத்தர், சீட்டை வாங்கின பிறகும் கிளம்பாமல் நின்றார்.

"என்னக்கா?"

பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பிரித்தால் ஊசிப் பேனா. செமாக்ளூடைட். துபாயில் வேலை பார்க்கும் தம்பி லீவில் வரும்போது கொண்டு வந்தாராம்.

"உடம்பு குறையுமாம் சார். இதுல ஒரு ஊசியே 1 மில்லிகிராமாம். எனக்கு கால்வாசிதான் போடணுமாம். திருகும்போது டிக் டிக்னு சத்தம் வருது இல்ல, அதை எண்ணிப் போட்டா ஒரு பேனாவை நாலு மாசம் ஓட்டலாம்னு இன்ஸ்டாவுல ஒரு பொண்ணு சொல்லுது. எத்தனை கிளிக் போடணும்?"

சிரிக்காதீங்க மக்களே. மருத்துவக் காரணம் ஒன்றும் தெரியாமல் கேட்டாலும், அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் காரணம் இருக்கிறது. நியாயமான கேள்வி. ஆனால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. "எண்ணாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் கேட்க மாட்டார் என்று தெரியும். ஏன் எண்ணக் கூடாது என்பதற்குப் பின்னால் 170 வருடக் கதை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

1853. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் சார்ல் பிரவாஸ் என்ற மருத்துவர். ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கும் நோய்க்கு, உள்ளே மருந்தைச் செலுத்தி ரத்தத்தை உறைய வைக்க முடியுமா என்று விலங்குகளில் சோதித்துக் கொண்டிருந்தார். கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. அதனால் வெள்ளியில் ஒரு சின்ன சிரிஞ்சு செய்ய வைத்தார். அதில் பிஸ்டனை அழுத்த முடியாது, திருகத்தான் முடியும். ஒரு திருகுக்கு இவ்வளவு மருந்து என்று கணக்கு.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட் என்பவர் நரம்பு வலிக்கு மார்ஃபின் போட அழுத்தும் வகை சிரிஞ்சைப் பயன்படுத்தினார். பின்னால் கண்ணாடி சிரிஞ்சு வந்து, கோடு போட்டு, கண்ணால் பார்த்து அளக்கும் முறைதான் உலகம் முழுக்கப் பரவியது. வேகமாகப் போடலாம், கழுவுவது சுலபம். திருகி அளக்கும் யோசனை ஓரமாகப் போய்விட்டது.

அந்தத் திருகை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

அடுத்து 1922 ஜனவரி 11. டொரண்டோ. லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன். சர்க்கரை நோயில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவன். பான்டிங்கும் பெஸ்ட்டும் தயாரித்த கணையச் சாற்றை ஒவ்வொரு பிட்டத்திலும் 7.5 மி.லி. வீதம் மொத்தம் 15 மி.லி. போட்டார்கள். இன்று நாம் போடுவது 0.1, 0.2 மி.லி. என்பதை யோசித்துப் பாருங்கள். சரியாக வேலை செய்யவில்லை, போட்ட இடம் சீழ் கட்டியது. காலிப் என்ற வேதியியலாளர் அதைச் சுத்தப்படுத்திக் கொடுக்க, 23ஆம் தேதி மீண்டும் போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாத கதை ஒன்று இருக்கிறது. மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் "எவ்வளவு" என்பதை எப்படிச் சொல்வது? அந்தச் சாறு சுத்தமானது கிடையாது. இந்த பேட்ச்சில் ஒரு மாதிரி, அடுத்த பேட்ச்சில் வேறு மாதிரி. எடை போட்டுப் பிரயோசனமில்லை. எடையில் பாதிக்கு மேல் குப்பை.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த தராசு முயல்.

24 மணி நேரம் பட்டினி போட்ட, சுமார் 2 கிலோ எடையுள்ள முயல். அதன் ரத்த சர்க்கரையை வலிப்பு வரும் அளவுக்கு, அதாவது சுமார் 45க்குக் கீழே இறக்க எவ்வளவு சாறு தேவையோ, அது ஒரு யூனிட். மனிதர்களுக்கு அது ரொம்பப் பெரிய அளவாக இருந்ததால் பிறகு அதில் மூன்றில் ஒரு பங்கை யூனிட் என்று வைத்தார்கள். 1920களில் முதல் சர்வதேசத் தரப் பொடி வந்தபோது 1 மில்லிகிராமில் 8 யூனிட் இருந்தது. இன்றைய சுத்தமான மனித இன்சுலினில் 1 மில்லிகிராமில் சுமார் 28 யூனிட்.

இங்கதான் முக்கியமான விஷயம். யூனிட் என்பது எடையும் கிடையாது, திரவ அளவும் கிடையாது. மருந்து என்ன வேலை செய்கிறது என்பதன் அளவு. "ஒரு யூனிட் எத்தனை மி.லி.?" என்று கேட்டால், "எந்தக் குப்பியில்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். இந்த ஒரு திருப்பிக் கேட்காததில்தான் நூறு வருடமாக ஆட்கள் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில் மி.லி.க்கு 10, 20 யூனிட் குப்பிகள் வந்தன. சுத்தம் கூடக் கூட 40 வந்தது, 80 வந்தது. எல்லாம் ஒரே சமயத்தில் கடையில் இருந்தன. பிரிட்டனில் ஒரு கூத்து நடந்தது. அங்கே தர நிர்ணயம் செய்த இன்சுலின் சிரிஞ்சில் 1 மி.லி.க்கு 20 கோடுகள். 20 யூனிட் குப்பி என்றால் ஒரு கோடு ஒரு யூனிட். 40 என்றால் ஒரு கோடு 2 யூனிட். 80 என்றால் ஒரு கோடு 4 யூனிட். டாக்டர் யூனிட்டில் சொல்வார், நோயாளி கோட்டில் எண்ணுவார். சர்க்கரை நோயால் கண் மங்கிய 70 வயதுத் தாத்தா காலையில் வெறும் வயிற்றோடு இந்த வகுத்தல் கணக்கைப் போட வேண்டும். அதுவும் தினமும். தப்பினால் மயக்கம்.

இந்தத் தொல்லையை முடிக்க எல்லாவற்றையும் 100 யூனிட் ஆக்குவது என்று முடிவானது. அமெரிக்கா 1970களில் மாறத் தொடங்கியது. பிரிட்டன் 1983 மார்ச்சில் மாறியது. பழைய குப்பி, பழைய சிரிஞ்சு எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக் கொண்டு புதிது கொடுத்தார்கள்.

நம்ம ஊரில்? இன்னும் மாறவில்லை. நம்ம அரசு மருத்துவமனையில் கொடுக்கும் இன்சுலின் குப்பி மி.லி.க்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் மி.லி.க்கு 100 யூனிட். அந்த அளவுக்கான சிரிஞ்சு ஆரஞ்சு மூடி. இரண்டும் ஒரே மெடிக்கல் ஷாப்பில், ஒரே ஷெல்ஃபில்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு பாட்டியை டிஸ்சார்ஜ் செய்தேன். அட்டையில் "காலை 20 யூனிட்" என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எந்த இன்சுலின், எந்த சிரிஞ்சு என்று எழுதவில்லை. நாங்கள் கொடுத்த குப்பி தீர்ந்ததும் அவங்க மகன் வெளியே மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். குப்பி இல்லை, பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ் இருக்கிறது, மருந்து அதேதான் என்றிருக்கிறார்கள். மருந்து அதேதான், பொய்யில்லை. வீட்டில் பேனா கிடையாது. மிச்சம் இருந்த சிவப்பு மூடி சிரிஞ்சிலேயே கார்ட்ரிட்ஜில் குத்தி, அட்டையில் எழுதியபடி 20வது கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டார்.

40 யூனிட் சிரிஞ்சில் 20வது கோடு என்பது அரை மி.லி. 100 யூனிட் மருந்தில் அரை மி.லி. என்பது 50 யூனிட்.

பாட்டியை ஆட்டோவில் கொண்டுவந்தபோது நினைவில்லை. சர்க்கரை 28. டெக்ஸ்ட்ரோஸ் போட்டு எழுப்பினோம், இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினோம். பிழைத்தார். மகன் என்னிடம் வந்து, "நீங்க எழுதின மாதிரிதானே சார் போட்டேன்" என்றார். கோபமாகக்கூட கேட்கவில்லை. அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து இன்சுலின் எழுதினால் யூனிட்டுக்குப் பக்கத்தில் மூடியின் நிறத்தையும் எழுதுகிறேன். சீனியர் ஒருவர் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும்.

சரி, பேனாவுக்கு வருவோம்.

1970களில் ஷீலா ரீத் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், டைப் 1 சர்க்கரை நோய் உள்ள தன் சின்ன மகளோடு ரயிலில் லண்டன் போனார். ஊசி போடும் நேரம் வந்தபோது யூஸ்டன் ஸ்டேஷன் கழிப்பறையில் நின்று கொண்டு குப்பி, சிரிஞ்சு, பஞ்சு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமில்லாமல் திண்டாடியிருக்கிறார். மருந்தும் சிரிஞ்சும் ஒன்றாகவே சட்டைப்பையில் இருந்தால் என்ன என்ற யோசனை அங்கே வந்தது. கிளாஸ்கோவில் சக மருத்துவர் ஜான் அயர்லாந்து உள்ளிட்டோருடன் சேர்ந்து செய்த கருவி 1981ல் லான்செட் இதழில் வெளியானது. கம்பெனி ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த யோசனை இல்லை இது. குழந்தைக்கு ஊசி போட வேண்டிய ஒரு அம்மாவின் யோசனை.

1985ல் டென்மார்க்கின் நோவோ கம்பெனி நோவோபென் கொண்டுவந்தது. மையைக் கார்ட்ரிட்ஜாகப் போட்டு எழுதும் மைப்பேனாதான் மாதிரி. முதலில் பட்டனை அழுத்தி அழுத்தி எண்ண வேண்டியிருந்தது. 1988ல் வந்த இரண்டாவது மாடலில்தான் திருகி, எண்ணைப் பார்த்து, ஒரே அழுத்து. 1989ல் மருந்து நிரப்பியே விற்கும், தீர்ந்ததும் தூக்கிப் போடும் பேனா.

பிரவாஸின் திருகு ஞாபகம் இருக்கிறதா? பேனாவுக்குள் இருப்பது அதேதான். நீங்கள் தலையைத் திருகும்போது உள்ளே மரை போட்ட தண்டு எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பது நிர்ணயமாகிறது. அழுத்தும்போது அது கார்ட்ரிட்ஜின் ரப்பர் அடைப்பை அந்தத் தூரம் மட்டும் தள்ளுகிறது. 100 யூனிட் இன்சுலினில் ஒரு யூனிட் என்பது 0.01 மி.லி. கண்ணால் பார்த்து சிரிஞ்சில் இவ்வளவு சின்ன அளவைச் சரியாக எடுப்பது நர்ஸ்களுக்கே கஷ்டம். திருகுக்கு அது சுலபம்.

ஆனால் பேனாவின் பெரிய நன்மை அந்தத் துல்லியம்கூட இல்லை என்பது என் கருத்து. அது நோயாளியின் கையிலிருந்து கணக்கை வாங்கிக் கொண்டது. 10 போடணுமா, 10 என்று காட்டும் வரை திருகு. எந்தக் குப்பி, எந்தக் கோடு, எந்த மூடி எதுவும் வேண்டாம்.

இனி உடல் எடை ஊசி. நம்ம குடல், சாப்பிட்டதும் ஜிஎல்பி 1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இன்சுலினைத் தூண்டும், வயிறு காலியாவதை மெதுவாக்கும், பசியைக் குறைக்கும். பிரச்சனை என்னவென்றால் ரத்தத்தில் இரண்டே நிமிடத்தில் பாதி காலி. மருந்தாக ஆக்க முடியாது. 1992ல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஜான் எங் என்ற மருத்துவர், கீலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் உமிழ்நீரில் இதே மாதிரி ஆனால் சீக்கிரம் சிதையாத ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்த எக்ஸனடைட் 2005ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தினம் இரண்டு முறை. 2010ல் லிராக்ளூடைட், தினம் ஒரு முறை. 2017ல் செமாக்ளூடைட், வாரம் ஒரு முறை. உடல் எடைக்கென்றே அதன் அதிக டோஸ் 2021ல். டிர்செபடைட் 2022ல்.

இவை எல்லாம் வேதியியல் ரீதியாகச் சுத்தமான பொருட்கள். முயல் வேண்டாம். மி.கி. போதும். டோஸ் 0.25 மி.கி.யில் ஆரம்பித்து, நான்கு நான்கு வாரமாக 0.5, 1, 1.7 என்று ஏறி, 2.4க்குப் போகும். அந்த முதல் 0.25ல் எடை பெரிதாகக் குறையாது, அதற்காகக் கொடுப்பதும் இல்லை. வயிறு பழகுவதற்காக. நேராக மேலே போனால் வாந்தி நிற்காது. செமாக்ளூடைட் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். மாற்று மருந்தும் கிடையாது. இன்சுலின் கூடிப்போனால் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கிறது. இது கூடிப்போனால் டிரிப் போட்டுக்கொண்டு நாட்களை எண்ண வேண்டியதுதான்.

அதனால்தான் இந்தப் பேனாக்களில் எந்த எண்ணிலும் நிறுத்த முடியாது. அந்தப் பேனாவுக்கு உரிய டோஸ் மட்டும்தான் கட்டத்தில் வரும். வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள்.

இதுவரை எல்லாம் நல்லபடி. 2022க்குப் பிறகு அமெரிக்காவில் தட்டுப்பாடு. அங்கே சட்டப்படி, தட்டுப்பாடு உள்ள மருந்தை சில மருந்தகங்கள் தாங்களே கலந்து விற்கலாம். அவர்களிடம் பேனா இல்லை. குப்பியில் கொடுத்தார்கள். அளக்க எதைக் கொடுத்தார்கள்? இன்சுலின் சிரிஞ்சு!

முயலில் ஆரம்பித்த அந்த யூனிட், யூனிட்டே இல்லாத ஒரு மருந்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. டாக்டர் மி.கி.யில் யோசிக்கிறார், குப்பியில் மி.லி.க்கு இத்தனை மி.கி. என்று இருக்கிறது, சிரிஞ்சில் யூனிட் கோடு. மி.லி.க்கு 5 மி.கி. உள்ள குப்பியில் 0.25 மி.கி. என்பது 5வது கோடு. 2.5 மி.கி. குப்பியில் அதே டோஸ் 10வது கோடு. பிரிட்டன் தாத்தாவின் கணக்கு அப்படியே திரும்பி வந்துவிட்டது.

2023ல் யூட்டா மாநில நச்சு மையம், இப்படித் தவறாகப் போட்டுக்கொண்ட மூன்று பேரைப் பற்றி எழுதியது. 10 மடங்கு வரை. 2024 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விட்டது. சிலர் 5 முதல் 20 மடங்கு வரை போட்டிருந்தார்கள். அதில் ஒன்று, 5 யூனிட் என்று எழுத வேண்டிய மருத்துவரே 25 என்று எழுதிவிட்டார். 0.25 மி.கி. அவர் தலைக்குள் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். என் டிஸ்சார்ஜ் அட்டை ஞாபகத்தில் இருப்பதால் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு பக்கம், 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில் போலிப் பேனா. செமாக்ளூடைட் என்று நம்பிப் போட்டவர்களுக்குச் சர்க்கரை இறங்கி வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உள்ளே இருந்தது இன்சுலின் என்று சந்தேகித்தார்கள்.

இப்போது அக்காவின் கிளிக்.

செமாக்ளூடைட் சர்க்கரைப் பேனாக்களில் ஒன்றில் 3 மி.லி.யில் 2 மி.கி. இருக்கும். இன்னொன்றில் அதே 3 மி.லி.யில் 4 மி.கி. மற்றொன்றில் 8 மி.கி. வெளியில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், லேபிள் நிறம்தான் வேறு. கிளிக் என்பது தண்டு நகரும் தூரம், அதாவது திரவ அளவு. அதே எண்ணிக்கைக் கிளிக்கில் ஒரு பேனாவில் வருவதைப் போல் நான்கு மடங்கு மருந்து இன்னொன்றில் வரும். இன்ஸ்டா பெண் எந்தப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினார் என்று அக்காவுக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்.

அடுத்தது, காலம். முதல் ஊசி போட்டதிலிருந்து அந்தப் பேனாவுக்கு நாட்டுக்கு நாடு லேபிளைப் பொறுத்து 6 முதல் 8 வாரம்தான் ஆயுள். நாலு வார மருந்தை நாலாகப் பிரித்தால் 16 வாரம். பாதியோ அதற்கு மேலோ காலாவதியான மருந்து.

டிர்செபடைட் பேனாவில் நாலு டோஸ் முடிந்த பிறகும் உள்ளே கொஞ்சம் மருந்து தெரியும். ஒவ்வொரு முறையும் காற்றை வெளியேற்ற ஒரு துளி விடணுமே, அதற்காக வைத்தது. பிரிட்டனில் அதை சிரிஞ்சு வைத்து உறிஞ்சி ஐந்தாவது டோஸாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் பரவி, மருத்துவர்கள் எச்சரிக்க வேண்டியதாயிற்று. பேனாவில் குத்தி சிரிஞ்சில் இழுப்பது. எனக்குப் பாட்டிதான் ஞாபகம் வந்தார்.

நம்ம நாட்டில் 2025 மார்ச்சில் டிர்செபடைட் முதலில் குப்பியில்தான் வந்தது, பேனா பிறகு வந்தது. மலிவு விலைத் தயாரிப்புகள் வருவது ஏழைகளுக்கு நல்ல செய்தி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வேறு வேறு அடர்த்தி, வேறு வேறு பேனா, இடையில் குப்பி என்று வந்தால், இரண்டு நிற மூடி சிரிஞ்சு இருக்கும் ஊரில் என்ன நடக்கும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

டாக்டர் சொல்லி முறையாகப் போடுபவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். பட்டனை அழுத்தி எண் பூஜ்யத்துக்கு வந்ததும் உடனே ஊசியை உருவாதீங்க. ஆறு வரை நிதானமாக எண்ணுங்கள். ரப்பர் அடைப்பு அழுங்கி விரிய நேரம் எடுக்கும், கடைசித் துளி அப்போதுதான் இறங்கும். உருவின பிறகு ஊசி முனையில் துளி சொட்டுகிறது என்றால் அது உங்கள் டோஸில் இருந்து போனது. ஊசியைக் கழற்றாமல் பேனாவை மூடி வைத்தால் உள்ளே காற்று போகும், மருந்து கசியும். புது ஊசி ஒவ்வொரு முறையும். பேனாவை வீட்டு ஆட்களோடுகூடப் பங்கு போடக் கூடாது, ஊசியை மாற்றினாலும். ரத்தம் பின்னோக்கிக் கார்ட்ரிட்ஜுக்குள் போகும்.

அக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பேனாவைத் திருப்பி லேபிளைக் காட்டி, "இந்தப் பேனாவில் 1 மி.கி. தவிர வேறு எதையும் அளக்க வழி கிடையாது. உங்களுக்கு அது நாலு மடங்கு" என்றேன். எடை பார்த்தோம், 78. உயரம் 152. ஆசைக்காகக் கேட்கவில்லை, சிகிச்சை தேவைப்படும் எடைதான். இதற்கு முன் யாரும் அவருக்குச் சர்க்கரை பார்த்ததில்லை. மாமியாருக்காகவே ஐந்து வருடமாக வந்து போயிருக்கிறார். சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு, வயிற்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தேன்.

"அப்ப இது வேஸ்ட்டா சார்? தம்பி ஆசையா வாங்கிட்டு வந்தான்."

வியாழக்கிழமை ரிசல்ட்டோடு வந்தார். வெறும் வயிற்றில் 148. ஸ்கேனில் பித்தப்பைக் கல். திரும்ப ஒரு முறை சர்க்கரை பார்த்து உறுதி செய்து மெட்ஃபார்மின் ஆரம்பித்திருக்கிறோம், கல்லுக்கு சர்ஜரி ஓபிக்கு எழுதியிருக்கிறேன். எடை ஊசியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம் என்று சொன்னேன். பேனா இன்னும் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். திருகலையாம்.